உறை கிழியும் இடம்

மாரடைப்பின் வரலாறு – தொடர், பகுதி 11

இதயத் தமனிக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது மாரடைப்பின் காரணமா, அல்லது இதயத்தசை செத்த பிறகு வரும் விளைவா என்ற நீண்ட சர்ச்சை 1980இல் தீர்ந்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மார்கஸ் டிவுட் என்ற மருத்துவரும் சகாக்களும், நெஞ்சுவலி தொடங்கிய சில மணி நேரத்திலேயே நோயாளிகளுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். முதல் 4 மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்ட 126 பேரில் 110 பேருக்குத் தமனி முழுதாக அடைபட்டிருந்தது. அடைப்பு முந்தியது, தசையின் சாவு பிந்தியது என்பது அதன் பின் உறுதிப்பட்டது. ஆனால் அந்த விடை, கையோடு இன்னொரு கேள்வியையும் கொண்டுவந்தது. பல ஆண்டுகளாகத் தமனிச் சுவரில் சத்தமில்லாமல் கிடந்த கொழுப்புப் படிவு, ஏதோ ஒரு நாள் காலையில், ஏதோ ஓர் இடத்தில் மட்டும் ரத்தத்தை ஏன் உறைய வைக்கிறது? குழாய் எங்கே மிகவும் குறுகியிருக்கிறதோ அங்கேதான் அடைப்பு வரும் என்பது எல்லோரும் எதிர்பார்த்த பதில். 1988இல் வில்லியம் லிட்டில் குழுவினர் அந்த எதிர்பார்ப்பைச் சோதித்தார்கள். மாரடைப்பு வருவதற்கு முன்பே ஆஞ்சியோகிராம் எடுத்திருந்த 29 பேரின் பழைய படங்களைத் தேடிப் பார்த்தார்கள். அவர்களில் 19 பேருக்கு, பின்னாளில் அடைத்துக்கொண்ட தமனியில் முன்பு இருந்த குறுக்கம் 50 விழுக்காட்டுக்கும் குறைவு. அதாவது, முந்தைய படத்தைப் பார்த்த எந்த மருத்துவரும் கவலைப்பட்டிருக்காத இடங்களே பலருக்கும் வினையாக முடிந்தன. மாரடைப்பு வரும் நாளை முடிவு செய்வது குழாயின் குறுக்கத்தைவிடச் சுவரின் வலிமைதான். அந்த வலிமையை அரிப்பவை நம் உடலே சுரக்கும் திசுச்சிதைப்பு நொதிகள். இதுவே இந்தப் பகுதியின் வாதம். இந்த நொதிகளைத் தடுக்கச் செய்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. அதனால் அந்த அறிவியலே பொய் என்று பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

சுவர் பலவீனமாகிறது என்பதை முதலில் கண்டவர்கள் பிணக்கூறு ஆய்வு செய்தவர்கள். 1966இல் பாரிஸ் கான்ஸ்டன்டினிடஸ் என்பவர், மாரடைப்பில் இறந்தவர்களின் தமனிகளை ஒன்றை அடுத்து ஒன்றாக மெல்லிய சீவல்களாக அறுத்து, உறைந்த ரத்தக் கட்டி (உறைகட்டி) உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அடியில் கொழுப்புப் படிவில் ஒரு வெடிப்பு இருப்பதைக் காட்டினார். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. ஆனால் அந்தக் காலத்தில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. 1983இல் டென்மார்க்கின் எர்லிங் ஃபாக், 1984இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் மைக்கேல் டேவிஸ் ஆகியோர் அதையே மீண்டும் நிறுவியபோதுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. திடீரென இறந்த 100 பேரின் இதயங்களை டேவிஸ் ஆராய்ந்தார். 74 பேரின் தமனிகளில் உறைகட்டி இருந்தது. பெரும்பாலானவற்றில் படிவின் மேல் உறை பிளந்திருந்தது. இந்த உறையைச் சற்று விளக்க வேண்டும். தமனிச் சுவருக்குள் சேரும் கொழுப்பும் செத்த செல்களும் குழைவாக ஒரு பொதியாகத் திரள்கின்றன. ரத்தத்தைக் கட்டியாக்கும் சக்தி அந்தக் குழைவுக்கு மிக அதிகம். ஓடும் ரத்தம் அதைத் தொடாமல் காப்பது, சுவரின் மென்தசைச் செல்கள் கொலாஜன் என்ற புரதத்தைக் கொண்டு மேலே நெய்யும் ஒரு நார் உறை மட்டுமே. உறை தடித்திருந்தால் படிவு எவ்வளவு பெரிதானாலும் ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடக்கும். மெலிந்துவிட்டால், சிறிய படிவுகூட உயிரைப் பறிக்கும். எவ்வளவு மெலிந்தால் ஆபத்து என்பதை 1997இல் ரேணு விர்மானி குழுவினர் அளந்து சொன்னார்கள்: கிழிந்த உறைகளில் ஏறக்குறைய எல்லாமே 65 மைக்ரோமீட்டருக்குக் குறைவான தடிமன் கொண்டவை. ஒரு மில்லிமீட்டரைப் பதினைந்தாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது. ஒரு மனிதர் வீடு திரும்புவாரா மாட்டாரா என்பது அந்தத் தடிமனில் நிற்கிறது.

உறை ஏன் மெலிகிறது என்ற கேள்விக்கான விடை, இதயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் ஆய்வகத்திலிருந்து வந்தது. அதற்கு 1962க்குப் போக வேண்டும். கொலாஜன் என்பது மூன்று இழைகள் இறுக முறுக்கிக்கொண்ட புரதம். எலும்பு, தோல், தசைநாண், ரத்தக்குழாய் எல்லாவற்றுக்கும் வலு தருவது அது. வயிற்றிலும் குடலிலும் உணவுப் புரதங்களை எளிதில் வெட்டும் நொதிகள்கூட, முறுக்குக் கலையாத கொலாஜனிடம் தோற்றுவிடும். அப்படியானால் உடல் தன் சொந்தக் கொலாஜனை எப்படிக் கரைக்கிறது? கரைக்காமல் இருக்க முடியாது. குழந்தையின் எலும்பு வளர வேண்டுமானாலும், ஆறிய புண்ணின் தழும்பு சீராக வேண்டுமானாலும், பழையது போய்த்தான் புதியது வர வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் கிராஸ், அவரோடு பணியாற்றிய சார்ல்ஸ் லாப்பியேர் ஆகிய இருவரும் இதற்குத் தேர்ந்தெடுத்த உயிர் தலைப்பிரட்டை. தவளையாக மாறும்போது அதன் வால் சில நாட்களில் முழுதாகக் கரைந்துபோகிறது. வாலில் கொலாஜன் நிறைய உண்டு. திசுவை அரைத்துச் சாறெடுத்து நொதியைத் தேடும் வழக்கமான முறையில் எதுவும் கிடைப்பதில்லை. இவர்கள் வாலின் துண்டுகளை உயிரோடு வைத்து, கொலாஜன் கூழ் பரப்பிய தட்டில் இட்டு, உடல் வெப்பத்தில் விட்டார்கள். துண்டைச் சுற்றிக் கலங்கலாக இருந்த கூழ் கரைந்து, தெளிவான ஒரு வட்டம் விழுந்தது. நொதி திசுவில் சேமித்து வைக்கப்படுவதில்லை, தேவைப்படும்போது மட்டும் செல்கள் செய்து வெளியே அனுப்புகின்றன என்பது அந்த வட்டத்திலிருந்து தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில், இந்த நொதி கொலாஜன் இழையைக் கண்ட இடத்தில் வெட்டுவதில்லை, ஒரே ஒரு இடத்தில், முக்கால் பங்கு ஒருபுறமும் கால் பங்கு மறுபுறமுமாகப் பிரியும்படி வெட்டுகிறது என்பதும் தெரிந்தது. அந்த ஒரு வெட்டு போதும். துண்டுகள் உடல் வெப்பத்திலேயே முறுக்கவிழ்ந்து, வேறு நொதிகளுக்கு எளிய இரையாகிவிடும்.

மனித உடலில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் 23 என்று இன்று அறிகிறோம். மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ், சுருக்கமாக எம்எம்பி, என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 1, 8, 13 ஆகியவை முறுக்குக் கலையாத கொலாஜனை வெட்டுபவை. 2, 9 இரண்டும் முறுக்கவிழ்ந்த துண்டுகளையும் வேறு சிலவற்றையும் வெட்டுபவை. 3 பலவற்றை வெட்டுவதோடு மற்ற எம்எம்பிகளை விழிக்கவும் வைக்கும். 12 குறிப்பாக, திசுவுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் என்ற புரதத்தை வெட்டும். எல்லாவற்றின் வெட்டுவாயிலும் ஒரு துத்தநாக அணு உண்டு. இவ்வளவு அழிவுச் சக்தியை உடல் எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது என்பது இந்த வரலாற்றில் மிக முக்கியமான அம்சம், பிறகு வரப்போகும் தோல்விகளைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும். நொதி பிறக்கும்போதே பூட்டோடு பிறக்கிறது: அதன் சங்கிலியின் ஒரு பகுதி மடங்கிவந்து துத்தநாகத்தை மூடிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதி அறுந்தாலோ விலகினாலோதான் நொதி வேலை செய்யும். இது 1990இல் தெளிவானது. வெளியே வந்த பிறகும், டிம்ப் எனப்படும் தடுப்புப் புரதங்கள் நான்கு வகை, நொதியை ஒன்றுக்கு ஒன்றாகப் பிடித்து முடக்கக் காத்திருக்கின்றன. ஆகவே ஒரு திசுவில் நொதி இருக்கிறது என்பதால் மட்டும் அங்கே சிதைவு நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பூட்டு திறந்திருக்கிறதா, தடுப்புப் புரதத்தைவிட நொதி மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தமனிக்கு வருவோம். 1991இல் ஏட்ரியானோ ஹென்னியும் சகாக்களும் மனித இதயத் தமனிப் படிவுகளில் எம்எம்பி-3 உற்பத்திக்கான மரபுச் செய்தியைக் கண்டார்கள். உற்பத்தி நடக்கிறது என்பதற்கு அது சான்று; வேலை நடக்கிறது என்பதற்கு அன்று. அந்த இடைவெளியை 1994இல் பாஸ்டனில் சோரினா காலிஸ், பீட்டர் லிபி குழுவினர் நிரப்பினார்கள். தமனியின் மெல்லிய சீவலை, ஒளிரும் சாயம் ஏற்றிய புரதப் படலத்தின் மேல் வைத்தார்கள். சீவலில் விழித்திருக்கும் நொதி இருந்தால், அதற்கு நேர் கீழே படலம் கரைந்து கருத்துப்போகும். நலமான தமனியின் கீழ் படலம் கெடவில்லை. நோயுற்ற தமனியில் கரைந்தது. அதுவும் படிவின் தோள்பட்டை போன்ற ஓரங்களில், அதாவது உறை வழக்கமாகக் கிழியும் அதே இடங்களில். 1995இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிரெடிமன் கிருஷ்ண ஷா குழுவினர், மனித வெள்ளணுக்களிலிருந்து வளர்த்த மாக்ரோஃபேஜ் செல்களை நார் உறைகளோடு சேர்த்து வைத்தபோது, கொலாஜன் உடைந்து வெளியேறியது. எம்எம்பி தடுப்பானைச் சேர்த்தபோது அது நின்றது. கொழுப்பை விழுங்கிக் கொழுத்த மாக்ரோஃபேஜ்கள்தான் இந்த நொதிகளின் முக்கிய ஊற்று என்பது இவ்வாறு நிலைபெற்றது. இதற்கு மறுபக்கமும் உண்டு. படிவுக்குள் கூடும் டி-செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான், மென்தசைச் செல்கள் புதுக் கொலாஜன் செய்வதையே தடுக்கிறது என்று லிபியின் குழு 1991இலேயே காட்டியிருந்தது. ஒருபுறம் சிதைப்பு கூடுகிறது, மறுபுறம் பழுதுபார்ப்பு குறைகிறது. செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்தைச் சுரண்டிக்கொண்டே, புதுச் சாந்து பூசும் கொத்தனாரையும் வேலைக்கு வரவிடாமல் நிறுத்தினால் சுவர் என்னவாகுமோ அதுதான் உறைக்கும் நேர்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. தீப்பிடித்த வீட்டில் தீயணைப்புப் படையினரைக் கண்டு அவர்களே தீ வைத்தார்கள் என்று சொல்லக் கூடாது அல்லவா? படிவு கிழிந்ததால், அல்லது கிழியப்போவதால், பழுதுபார்க்க வந்த நொதிகளாகவும் அவை இருக்கலாம். இந்த மறுப்புக்கு வெறும் படங்களால் பதில் சொல்ல முடியாது; நொதியை நீக்கியும் கூட்டியும் பார்க்க வேண்டும். அதற்கு மரபணு மாற்றிய எலிகள் வந்தன. வந்த முதல் முடிவுகள் மறுப்பாளர்களுக்கே சாதகம் போலத் தோன்றின. 2005இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேசன் ஜான்சன், ஆண்ட்ரூ நியூபி குழுவினர் ரத்தக்கொழுப்பு மிகுந்த எலிகளில் நான்கு எம்எம்பிகளைத் தனித்தனியே நீக்கிப் பார்த்தார்கள். 12ஐ நீக்கியபோது படிவு எதிர்பார்த்தபடி உறுதியானது. 7ஐ நீக்கியதால் உறுதியில் பெரிய மாற்றமில்லை. 3ஐயும் 9ஐயும் நீக்கியபோதோ படிவு பெரிதாகி, மேலும் நிலையற்றதாயிற்று. நொதி காக்கிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் ஏன் காக்கிறது என்று பார்த்தால் படம் தெளிவாகிறது. மென்தசைச் செல் சுவரின் நடுப்படலத்திலிருந்து நகர்ந்து வந்து உறையை நெய்ய வேண்டுமானால், தன்னைச் சுற்றியுள்ள பிணைப்பை முதலில் தானே வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு அந்த நொதிகள் தேவை. மென்தசைச் செல்லின் கையில் உள்ள எம்எம்பி-9 கட்டுமானத்துக்கு உதவுகிறது. அதே எம்எம்பி-9 மாக்ரோஃபேஜின் கையில் இருந்தால்? 2006இல் சியாட்டிலில் எலைன் ரெயின்ஸ் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பூட்டிய நிலையிலுள்ள எம்எம்பி-9ஐ மாக்ரோஃபேஜ்கள் கூடுதலாகச் சுரக்கும்படி செய்தபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பூட்டைத் தானே திறந்துகொள்ளும் வகையில் மாற்றிய எம்எம்பி-9ஐச் சுரக்கச் செய்தபோது படிவுகள் சிதைந்தன. ஒரே நொதி, யார் கையில், எந்த நிலையில் என்பதுதான் வேறுபாடு. முரண் போலத் தெரிந்த இரண்டு முடிவுகளும் இப்படிப் பொருந்திவிடுகின்றன.

எலியை வைத்து மனிதனைப் பேசலாமா என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை நிறைய இருக்கிறது. எலியின் தமனிப் படிவு மனிதனைப் போலக் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைப்பது மிக அரிது. ஆகவே எலிச் சோதனை எதையும் நேரடியாக மாரடைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு கேள்விக்கு எலியால் ஐயமின்றி விடை சொல்ல முடியும்: படிவிலுள்ள கொலாஜனின் அளவை இந்த நொதிகள் தீர்மானிக்கின்றனவா? 2004இல் லிபியின் குழு, நொதி வெட்டும் அந்த ஒற்றை இடமே மாறிப்போன கொலாஜன் கொண்ட எலிகளைப் பயன்படுத்தியது. நொதி இருந்தும் வெட்ட முடியாத அந்த எலிகளின் படிவுகளில் கொலாஜன் மிகுதியாகச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு எம்எம்பி-13ஐ நீக்கியபோதும் அதுவே நிகழ்ந்தது. மனிதரைப் பொறுத்தவரை இயற்கையே செய்து வைத்த ஒரு சோதனை உண்டு. எம்எம்பி-3 மரபணுவின் முகப்பில் சிலருக்கு ஐந்து அடினைன்களும் சிலருக்கு ஆறும் வரிசையாக உள்ளன. ஆறு இருந்தால் உற்பத்தி குறைவு. லண்டனில் சிகிச்சை பெற்ற நோயாளிகளை ஆராய்ந்த 1995ஆம் ஆண்டு ஆய்வில் அத்தகையவர்களுக்குத் தமனிக் குறுக்கம் வேகமாக வளர்ந்தது. ஐந்து இருந்தால் உற்பத்தி அதிகம்; ஜப்பானில் 1999இல் வந்த ஆய்வில் அத்தகையவர்கள் மாரடைப்பு வந்தவர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டார்கள். பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதோடு உடன்படவில்லை, விளைவின் அளவும் சிறியது. எனினும் அது காட்டும் திசை கவனத்துக்குரியது: சிதைப்பு குறைந்தால் படிவு பருக்கிறது, கூடினால் கிழிகிறது. 1988இல் குறுகலான இடமும் ஆபத்தான இடமும் வேறாக இருந்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் காணவில்லை.

பெருந்தமனியில் இதே கதை வேறு முடிவோடு நடக்கிறது. வயிற்றுப் பெருந்தமனியின் சுவரிலுள்ள எலாஸ்டின் படலங்கள் அறுந்தால் குழாய் அடைபடுவதற்குப் பதிலாக ஊதுகிறது. ஊதி ஒரு நாள் வெடிக்கிறது. வளர்ச்சிப் பருவம் முடிந்த பின் உடல் எலாஸ்டினைப் புதிதாகச் செய்வது மிகக் குறைவு என்பதால், போனது போனதுதான். 2000இல் ராபர்ட் தாம்சன் குழுவினர், எம்எம்பி-9 இல்லாத எலிகளுக்கு இந்த வீக்கம் சரியாக உருவாவதில்லை என்றும், நொதி உள்ள எலியின் எலும்பு மஜ்ஜையை மாற்றிவைத்தால் மீண்டும் உருவாகிறது என்றும் காட்டினார்கள். நொதி தமனியின் சொந்தச் செல்களிடமிருந்து அன்று, ரத்தத்தின் வழியே வந்து குடியேறும் செல்களிடமிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள், கிருமியைக் கொல்லும் குணத்தோடு தொடர்பில்லாத வேறொரு வழியில், கொலாஜன் வெட்டும் நொதியைத் தடுக்கின்றன என்று ஈறு நோய்களை ஆராய்ந்த லார்ன் கோலப் 1983இல் கண்டிருந்தார். அந்த வகையைச் சேர்ந்த டாக்சிசைக்ளின் எலிகளின் பெருந்தமனி வீக்கத்தையும் தடுத்தது. விலை மலிவு, பல்லாண்டு பழகிய மாத்திரை. வீக்கம் 5.5 சென்டிமீட்டரை எட்டும் வரை ஆண்களுக்குப் பொதுவாக அறுவைசிகிச்சை செய்வதில்லை. அதுவரை காத்திருப்பதைத் தவிர நோயாளிக்கு வேறு வழியில்லை. ஆகவே எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. நெதர்லாந்தில் 286 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், 18 மாதத்தில் மருந்து உண்டவர்களின் வீக்கம் 4.1 மில்லிமீட்டரும், வெற்று மாத்திரை உண்டவர்களுடையது 3.3 மில்லிமீட்டரும் வளர்ந்தன. மருந்து உதவவில்லை, சற்றுக் கெடுத்தது என்றே சொல்ல வேண்டும். இரட்டிப்பு அளவில் இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வும் 2020இல் பயனில்லை என்றே முடிந்தது.

இதயத்தசையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே, ஆனால் பாடம் இன்னும் கூர்மையானது. மாரடைப்பில் செத்த தசையை அகற்றித் தழும்பு கட்டும் வேலையில் எம்எம்பிகள் முன்னணியில் நிற்கின்றன. அளவு மீறினால் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் வலை தளர்ந்து, இதயம் விரிந்து, சுவர் மெலிந்து, சில நேரம் கிழிந்தும் போகிறது. 1999இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஸ்டெஃபான் ஹேமன்ஸ், பீட்டர் கார்மெலியட் குழுவினர் செய்த எலிச் சோதனை இந்தத் துறையிலேயே மிகவும் சிந்திக்க வைப்பது. எம்எம்பிகளை விழிக்கவைக்கும் யூரோகைனேஸ் வகை நொதியை மரபணுவிலேயே இழந்த எலிகளுக்கு, மாரடைப்புக்குப் பின் இதயம் கிழியவே இல்லை. ஆனால் அவற்றுக்குத் தழும்பும் சரியாகக் கட்டவில்லை, புதிய ரத்தக்குழாய்களும் வளரவில்லை. பிறகு இதயம் செயலிழந்து இறந்தன. சாதாரண எலிகளுக்கு டிம்ப்-1 என்ற தடுப்புப் புரதத்தைக் கொஞ்ச காலம் மட்டும் கொடுத்தபோதோ, கிழிசலும் தடுக்கப்பட்டது, புண்ணும் ஆறியது. எப்போது தடுப்பது, எவ்வளவு நாள் தடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்படியிருந்தும் 2006இல் முடிவு வெளியான பிரீமியர் ஆய்வில், மாரடைப்பு வந்த 253 பேரில் ஒரு பகுதியினருக்குப் பிஜி-116800 என்ற தடுப்பானைத் தொடர்ந்து 90 நாள் கொடுத்தார்கள். இதயம் விரிவதில் எந்த வேறுபாடும் இல்லை. அதற்கு நேர்மாறாக, இத்தாலியின் ஃபுளோரன்ஸில் 110 பேரிடம் நடந்த டிப்டாப் ஆய்வில், மாரடைப்பு வந்தவுடன் டாக்சிசைக்ளின் தொடங்கி 7 நாள் மட்டும் கொடுத்தார்கள். இதயம் விரிவது குறைந்தது. 2014இல் வெளியான அது சிறிய ஆய்வு, அதை வைத்துச் சிகிச்சையை மாற்ற முடியாது. ஆனால் கனடாவின் எட்மன்டன் நகரில் ரிச்சர்டு ஷூல்ஸ் 2002இல் காட்டியதோடு அது இணங்குகிறது: ரத்தம் தடைபட்டுத் திரும்பும் அந்தச் சிறு பொழுதிலேயே, எம்எம்பி-2 இதயச் செல்லின் உள்ளேயே ட்ரோபோனின் என்ற சுருக்கப் புரதத்தை வெட்டத் தொடங்கிவிடுகிறது.

இப்போது பெரிய மறுப்பை எடுத்துக்கொள்ளலாம். நொதிதான் காரணம் என்றால், நொதியைத் தடுத்தால் நோய் குறைய வேண்டும்; குறையவில்லை; ஆகவே நொதி காரணமில்லை. கேட்பதற்கு நேர்த்தியான தருக்கம். ஆனால் அது ஒரு நிபந்தனையை மறைத்து வைத்திருக்கிறது: மருந்து சரியான நொதியை, சரியான இடத்தில், சரியான நேரத்தில், போதுமான அளவு தடுத்தது என்ற நிபந்தனை. அந்த நிபந்தனை நிறைவேறவே இல்லை என்பதற்கான சான்று புற்றுநோய்த் துறையிலேயே கிடைத்திருந்தது. 1990களில் ஆக்ஸ்ஃபர்டின் பிரிட்டிஷ் பயோடெக் நிறுவனம் செய்த மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள், வெட்டுவாயிலுள்ள துத்தநாகத்தைப் பிடித்து நொதியை முடக்கின. துத்தநாகமோ குடும்பம் முழுவதற்கும் பொது. வேண்டிய நொதி, வேண்டாத நொதி என்று பாராமல் எல்லாம் முடங்கின. நோயாளிகளுக்கு மூட்டுகளில் வலியும் இறுக்கமும் வந்து, மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. புற்றும் அடங்கவில்லை. 2002க்குள் அந்த முயற்சிகள் ஏறக்குறைய கைவிடப்பட்டன. தமனிக்குள் உறையை நெய்யும் செல்லுக்கும் உறையை அரிக்கும் செல்லுக்கும் ஒரே ஆயுதம்தான் என்று பிரிஸ்டலும் சியாட்டிலும் காட்டிய பிறகு, இரண்டு பேரின் கையையும் சேர்த்துக் கட்டும் மருந்து பயன் தராததில் வியப்பில்லை. பெருந்தமனி வீக்கத்தில் எலிகளுக்கு மருந்து பெரும்பாலும் காயத்தோடு சேர்த்துத் தொடங்கப்பட்டது; மனிதர்களுக்கோ, எலாஸ்டின் எல்லாம் அறுந்து பல ஆண்டு கழித்துத் தொடங்கப்பட்டது. தோற்றது நொதி பற்றிய கருத்து அன்று, அதைக் கையாண்ட முறை. அதே வேளையில் ஒரு வரம்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உறை கிழியாமலே, தமனியின் உட்பூச்சுச் செல்கள் மட்டும் உரிந்து உறைகட்டி உண்டாகும் மாரடைப்புகளும் இருக்கின்றன. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வரை அவ்வகை. அவற்றுக்கு இந்தக் கொலாஜன் விளக்கம் பொருந்தாது. அவற்றைப் பற்றி அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.

நொதியை நேராகப் பிடிக்காமல், நொதியைச் சுரக்கும் செல்லை அடக்கினால் என்ன? இந்த வழிதான் பலன் கொடுத்திருக்கிறது, அதுவும் பலர் கவனிக்காத விதத்தில். 1998இல் மசனோரி ஐகாவா, லிபி ஆகியோர் கொழுப்புத் தீனி கொடுத்துத் தமனிப் படிவு உண்டாக்கிய முயல்களுக்குத் தீனியை மாற்றி, 16 மாதம் காத்திருந்தார்கள். மாக்ரோஃபேஜ்கள் குறைந்தன, எம்எம்பி-1 குறைந்தது, உறையில் கொலாஜன் கூடியது. மனிதரில் இதைக் காட்டியது ஸ்வீடனில் மிலிடா கிறிஸ்பி குழுவினர் 2001இல் வெளியிட்ட சிறிய, ஆனால் அருமையான ஆய்வு. கழுத்துத் தமனி அறுவைசிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் 11 பேருக்கு மூன்று மாதம் பிரவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் வகை மாத்திரை கொடுத்து, அறுவையில் எடுத்த படிவை மருந்து உண்ணாத 13 பேருடையதோடு ஒப்பிட்டார்கள். மருந்து உண்டவர்களின் படிவில் கொழுப்பு குறைவு, எம்எம்பி-2 குறைவு, டிம்ப்-1 அதிகம், கொலாஜன் அதிகம். மூன்றே மாதம். இந்தச் செல்கள் கிளப்பும் அழற்சியை மட்டும் தணித்தாலும் மாரடைப்பு குறையும் என்பதை 2017இல் 10,061 பேரிடம் நடந்த கேன்டோஸ் ஆய்வு காட்டியது. எம்எம்பி உற்பத்தியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவை முடக்கும் மருந்து, ரத்தக்கொழுப்பின் அளவைத் தொடாமலே, இதய நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்றுகள் சற்றுக் கூடின, விலையும் எட்டாதது. அழற்சியைத் தணிக்கும் மலிவான கோல்சிசின் மாத்திரை 2020இல் நல்ல முடிவையும், மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த 2024ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் பயனின்மையையும் காட்டியிருப்பதால், அதில் இறுதித் தீர்ப்பு சொல்லும் காலம் வரவில்லை. ஸ்டேட்டினைப் பற்றிச் சொல்லலாம். அதன் பயனை ரத்தப் பரிசோதனைத் தாளிலுள்ள ஒரு எண்ணாக மட்டும் பார்ப்பதால்தான், எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் பலர். உறையில் கொலாஜன் கூடியிருக்கிறதா என்று எந்தத் தாளும் சொல்லாது. எண் சரியாகிவிட்டது என்பதற்காக இந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.